வட்டமும் திட்டமும்: நியூசிலாந்து தன் இளம் குற்றவாளிகளை நடத்தும் விதம்

பதினைந்து வயதுப் பையன் கடையில் திருடிப் பிடிபட்டான் என்று செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "சின்னப் பையன், கண்டிச்சு விட்டுருங்க" என்பார் ஒருவர். "இப்பவே உள்ள தள்ளினாத்தான் புத்தி வரும்" என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று யாராவது வாயைத் திறந்தால், "சமரசம் பேசி முடிக்கிறதா?" என்று கேட்டு அவரையும் முதல் கட்சியில் சேர்த்துவிடுகிறோம்.

அந்த மூன்றாவது வழிக்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர். சிலர் அதை மன்னிப்பு என்கிறார்கள், சிலர் கவுன்சிலிங் என்கிறார்கள், சிலர் பஞ்சாயத்து என்கிறார்கள். மூன்றும் அல்ல. 1989 முதல் அதைச் சட்டமாகவே எழுதிவைத்து நடத்திவரும் நாடு நியூசிலாந்து. அங்கே அது எப்படி நடக்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், எது எழுதப்படுகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தெளியும்.

## கிழிந்த சீட்

முதலில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கோபத்தில் தமிழ் டீச்சரின் ஸ்கூட்டர் சீட்டை பிளேடால் கிழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

மறுநாள் நிலவரம் என்ன? சீட் கிழிந்தபடியே இருக்கிறது. மழை பெய்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். டீச்சர் அதன்மேல் பாலித்தீன் கவரைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். ஏன் என் வண்டியை, நாளைக்கு வேறு எதையாவது செய்வானா என்ற கேள்விகள் அவருக்குள் அப்படியே கிடக்கின்றன. பையன் வேறு பள்ளி தேடி அலைகிறான். அவனைப் பொறுத்தவரை டீச்சரால்தான் தன் படிப்பு போயிற்று. தண்டனை கொடுத்தாகிவிட்டது. ஆனால் கெட்டுப்போனதில் எதுவும் சரியாகவில்லை.

இன்னொரு விதமாகவும் நடக்கலாம். பையன், அவன் அம்மா, தாய்மாமா, டீச்சர், தலைமையாசிரியர் ஐந்து பேரும் உட்காருகிறார்கள். நனைந்த சீட்டில் வந்து, ஈரப் புடவையோடு ஐந்து பீரியட் நின்றதை டீச்சர் சொல்கிறார். பையன் அதை இப்போதுதான் கேட்கிறான். எதற்கு அப்படிச் செய்தான் என்று அவன் தன் வாயால் சொல்லவேண்டியிருக்கிறது. சீட் கவர் மாற்ற 600 ரூபாய். தீபாவளிக்கு எடுப்பதாக இருந்த சட்டைப் பணத்திலிருந்து அதைக் கொடுப்பது, சனிக்கிழமை மாமாவோடு போய் அவனே கவரை மாட்டிக்கொண்டு வருவது என்று முடிவாகிறது.

இது முதல் வழியைவிட லேசானது என்று நினைக்கத் தோன்றும். டி.சி. வாங்கியவன் டீச்சரின் முகத்தைப் பார்க்கவேண்டியதே இல்லை என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## பெயரும் பொருளும்

வழக்கமான குற்றவியல் நீதி, எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறினார், அவருக்கு என்ன தண்டனை என்று கேட்கும். மறுசீரமைப்பு நீதி வேறு மூன்றைக் கேட்கிறது: யாருக்குப் பாதிப்பு, அவருக்கு இப்போது என்ன தேவை, அதைச் செய்துதரும் கடமை யாருடையது. அமெரிக்க அறிஞர் ஹோவர்ட் ஸேர் இப்படிப் பிரித்துக் காட்டியது இன்றும் இந்தத் துறையில் முதல் பாடம்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளவேண்டும்: வழிமாற்றம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் பாதையிலிருந்து அதை வேறு பாதைக்குத் திருப்புவது. ரயில் தண்டவாளத்தில் பாயின்ட் மாற்றுவதைப் போல. திருப்பிய பாதையில் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். ஒரு போலீஸ் அதிகாரி எச்சரித்து அனுப்பினால் அதுவும் வழிமாற்றம்தான். அதில் பாதிக்கப்பட்டவருக்கு இடமே இல்லாமல் போகலாம். வழிமாற்றமும் மறுசீரமைப்பும் ஒன்றாகச் சேரும் இடம்தான் நியூசிலாந்தின் குடும்பக் குழுக் கூட்டம்: பையனும் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் போலீஸும் உட்கார்ந்து, கெட்டதைச் சரிசெய்யத் திட்டம் போடும் கூட்டம்.

இதுவரை: கெட்டுப்போனதைச் சரிசெய்வது மறுசீரமைப்பு. நீதிமன்றப் பாதையிலிருந்து திருப்புவது வழிமாற்றம். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

## கட்டப்பஞ்சாயத்து என்ற பயம்

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒருவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டி, அபராதம் போட்டு, பணமும் சாதியும் உள்ளவன் பக்கம் சாய்ந்து தீர்ப்பு சொன்னதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு நல்ல பெயர் வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்களா?

இல்லை என்பதற்கு நியூசிலாந்துச் சட்டத்தின் அமைப்பே சான்று. முதலாவது, குற்றம் செய்தானா இல்லையா என்பதைக் கூட்டம் தீர்மானிப்பதில்லை. பையன் தானாக ஒப்புக்கொண்டால் மட்டுமே மேலே பேசலாம். "நான் செய்யவில்லை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செய்தானா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. இரண்டாவது, கூட்டத்தில் அவன் சொன்ன எதையும் பிறகு நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான்காவது, கூட்டத்தை நடத்துபவர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. அவர் அரசு நியமித்த ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு வந்த இடத்துக்கே திரும்பும்.

கட்டப்பஞ்சாயத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இருக்காது. யாராவது மறுசீரமைப்பு என்ற பெயரில் ஏதாவது நடத்தினால் இந்த நான்கை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

## எங்கிருந்து வந்தது

1974ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிறிய ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களைச் சேதப்படுத்தினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். அவர்களின் நன்னடத்தை அதிகாரி, இருவரையும் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கே அழைத்துப்போக அனுமதி கேட்டார், நீதிபதி ஒப்புக்கொண்டார். வாசல் வாசலாகப் போய் நின்றார்கள், இழப்பைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், சில மாதங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தத் துறையின் நவீன வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவது வழக்கம்.

நியூசிலாந்தின் கதைக்கு வேறு வேர். அங்கே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அரசு விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மாவோரி மரபில் பிள்ளை என்பது அப்பா அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. ஃபானாவ் எனப்படும் விரிந்த குடும்பத்துக்கே உரியது. சித்தப்பா, அத்தை, பாட்டி, தூரத்து உறவு எல்லோருக்கும் அதில் பொறுப்பு உண்டு. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் அதிகாரிகளே முடிவெடுத்ததுதான் கோபத்தின் மையம். 1980களில் வந்த புவாவோ-தே-ஆத்தா-தூ அறிக்கை அதை அரசின் முகத்துக்கு நேராகச் சொன்னது. விடியல் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன் பின் 1989ல் சிறார் சட்டம் மாற்றி எழுதப்பட்டு, குடும்பக் குழுக் கூட்டம் சட்டத்தின் நடுவில் வைக்கப்பட்டது. அதே சட்டத்துக்கு இன்று ஒராங்கா தமாரிக்கி சட்டம் என்று பெயர்.

அதன் கொள்கைப் பிரிவு ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளவேண்டும். பொதுநலன் வேறுவிதமாகக் கோரினால் ஒழிய, மாற்று வழி இருக்கும்போது சிறார்மேல் குற்றவழக்கு தொடரக் கூடாது. உதவி தேவைப்படுகிறது என்பதற்காகவும் வழக்குப் போடக் கூடாது. இந்த இரண்டாவது பகுதி அருமையான ஒன்று. "கேஸ் போட்டாத்தான் கவுன்சிலிங் கிடைக்கும்" என்று நல்லெண்ணத்தோடு வழக்குக்குள் தள்ளப்படும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் உண்டு.

## நான்கு படிகள்

நியூசிலாந்தில் 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு இளையோர் நீதி முறை பொருந்தும். 17 வயதினர் 2019 ஜூலை 1 முதல்தான் இதற்குள் வந்தார்கள். 10 முதல் 13 வரை உள்ளவர்களுக்குத் தனி விதிகள். மிகக் கடுமையான சில குற்றங்கள் தவிர அவர்கள்மீது வழக்கே தொடர முடியாது. கொலை வழக்குகள் இந்தப் படிகளுக்கு வெளியே இருக்கின்றன.

முதல் படி எச்சரிக்கை. இளையோருக்கென்றே பயிற்சி பெற்ற போலீஸ் பிரிவு உண்டு. சிறு விஷயமானால் அந்த அதிகாரி பேசி, குடும்பத்துக்குத் தெரிவித்து, அத்துடன் முடித்துவிடுவார். இரண்டாவது படி மாற்று நடவடிக்கை: அதிகாரி வீட்டுக்கே போய்க் குடும்பத்தோடும் பாதிக்கப்பட்டவரோடும் பேசி, மன்னிப்புக் கடிதம், சிறு தொகை, சில மணிநேர வேலை என்று ஒரு சின்னத் திட்டத்தை அமைப்பார். பெரும்பாலான பிள்ளைகளின் விவகாரம் இந்த இரண்டு படிகளிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது படியில்தான் குடும்பக் குழுக் கூட்டம் வருகிறது. வழக்குப் போடலாம் என்று போலீஸ் நினைக்கிறது, ஆனால் பையன் கைது செய்யப்படவில்லை என்றால், கூட்டம் நடத்தாமல் குற்றச்சாட்டைப் பதிய முடியாது. நான்காவது படி, கைது செய்து நேரே இளையோர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது. அங்கேயும் பையன் குற்றத்தை மறுக்கவில்லை என்றால் நீதிபதி தண்டனையை யோசிப்பதற்கு முன் கூட்டத்துக்கு அனுப்பியாகவேண்டும். ஆக, நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு கூட்டம், உள்ளே போன பிறகும் ஒரு கூட்டம்.

காலக்கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. வழக்குக்கு முந்தைய கூட்டத்தைத் தகவல் வந்த 21 நாளுக்குள் கூட்டவேண்டும். நீதிமன்றம் அனுப்பினால் 14 நாள். பையன் காவலில் இருந்தால் 7 நாள். பதினைந்து வயதுக்காரனுக்கு ஆறு மாதம் முன்பு செய்தது போன ஜன்மம் மாதிரி. தாமதமானால் வெட்கமும் ஆறிப்போகும், பொறுப்பும் ஆறிப்போகும்.

இதுவரை: எச்சரிக்கை, மாற்று நடவடிக்கை, வழக்குக்கு முன் கூட்டம், வழக்குக்குப் பின் கூட்டம். விஷயத்துக்குப் பொருந்தும் மிகத் தாழ்ந்த படியிலேயே நிறுத்துவதுதான் விதி.

## கூட்டத்துக்கு முன்னால்

நல்ல கூட்டத்தில் பாதி வேலை கூடுவதற்கு முன்பே முடிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒருங்கிணைப்பாளர் பையனைத் தனியாகப் பார்க்கவேண்டும், குடும்பத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும், பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் பார்க்கவேண்டும். பையனிடம் கேட்கவேண்டியது, போலீஸ் எழுதிய சம்பவச் சுருக்கத்தில் எது சரி, எது சரியில்லை என்பது. குடும்பத்தில் தேடவேண்டியது, அவன் யார் சொன்னால் கேட்பான் என்ற அந்த ஒரு ஆளை. பல வீடுகளில் அது அப்பாவாக இருக்காது. விளையாட்டுப் பயிற்சியாளராகவோ, 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியம்மாவாகவோ இருக்கலாம். அவர் வராமல் கூட்டம் நடந்தால் திட்டத்தைத் தாங்க ஆள் இருக்காது. பாதிக்கப்பட்டவரிடம், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் தோதுப்படும், யாரைத் துணைக்கு அழைத்து வருவீர்கள், எங்கே உட்கார விருப்பம் என்று கேட்கவேண்டும்.

இடமும் முக்கியம். போலீஸ் நிலையம் வேண்டாம். சமூகக் கூடம், சர்ச் ஹால், குடும்பம் விரும்பினால் மராய் எனப்படும் மாவோரி மன்றம். சுத்தமான கழிப்பறை, இரண்டாவதாக ஒரு அறை, பின்னால் வெளியேற இன்னொரு வாசல். இரண்டாவது அறை எதற்கு என்பது கீழே வரும்.

## கூட்டம் நடக்கும் விதம்

விளக்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம். தெற்கு ஆக்லாந்தில் பதினைந்து வயதுப் பையன் ஒரு டெய்ரியின் கண்ணாடியை உடைத்துச் சிகரெட்டும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு ஓடினான். டெய்ரி என்றால் அங்கே பால் பண்ணை அல்ல, தெருமுனைக் கடை; அவற்றில் பலவற்றை நடத்துபவர்கள் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள். இந்தக் கடையும் அப்படித்தான்: கணவன் மனைவி இருவர், பின்பக்கத்திலேயே வீடு.

நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேஜை இல்லாமல். மேஜை இருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும். வாசலுக்கு அருகில் கடைக்கார அம்மாவும் அவர் தங்கையும். அவர்களுக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் பையன், ஒருபுறம் பாட்டி, மறுபுறம் மாமா. இளையோர் போலீஸ் அதிகாரி, ஒருங்கிணைப்பாளர். வழக்கு நீதிமன்றம் போயிருந்தால் பையனுக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞரும் இருப்பார். குடும்பம் விரும்பினால் பிரார்த்தனையோடு தொடங்கும்.

அறிமுகம் முடிந்ததும் போலீஸ் அதிகாரி சம்பவச் சுருக்கத்தை வாசிப்பார். "இது சரியா?" என்று ஒருங்கிணைப்பாளர் பையனைக் கேட்பார். அவன் வாய்திறந்து ஒப்புக்கொள்ளவேண்டும், தலையாட்டினால் போதாது.

பிறகு கடைக்கார அம்மா. கண்ணாடி உடைந்த சத்தத்தில் எழுந்தபோது மணி இரண்டேகால் என்கிறார். மகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து இருட்டினதும் கடை அடைத்துவிடுகிறோம்; ராத்திரி வியாபாரம் போயிற்று. பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டிலுக்கடியில் என்ற சொல் வந்தபோது பாட்டி அவன் பக்கம் திரும்புகிறார். அதுவரை அந்தப் பையனின் நினைப்பில் அது வெறும் கடை, உள்ளே ஆள் இல்லாத கண்ணாடிப் பெட்டி. அந்தக் கட்டிலைப் பற்றிக் கேட்டபின் அப்படி நினைக்க முடியாது. எந்த அதிகாரி எவ்வளவு திட்டினாலும் நடக்காத ஒன்று இந்த நிமிடத்தில் நடக்கிறது.

அடுத்து, குடும்பத்தின் தனி நேரம். வேறு யாரும் இல்லாமல், ஒருங்கிணைப்பாளரும் இல்லாமல், குடும்பம் மட்டும் இரண்டாவது அறைக்குப் போய்ப் பேசும். நியூசிலாந்து முறையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. வெளியாள் முன்னால் எந்தக் குடும்பமும் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்காது. கதவைச் சாத்திய பிறகுதான் உண்மை பேசும். அரைமணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அதற்குள் போய் அவசரப்படுத்தினால், வெளியே வருவது அதிகாரிகளுக்குப் பிடித்த திட்டமாக இருக்கும், குடும்பத்தின் திட்டமாக இருக்காது.

அவர்கள் திரும்பி வந்து திட்டத்தைச் சொல்வார்கள். கடைக்கார அம்மா "இது போதாது" என்று சொல்லலாம், போலீஸும் சொல்லலாம். பேசித் திருத்தி, எல்லோரும் ஒத்துக்கொண்டதை ஒருங்கிணைப்பாளர் எழுதுவார்.

## திட்டத்தின் எழுத்து

கண்ணீரும் மன்னிப்பும் கூட்டத்தில் வரலாம், வராமலும் போகலாம். மூன்று மாதம் கழித்து மிஞ்சுவது அந்தத் தாள்தான்.

மோசமான திட்டம் இப்படி இருக்கும்: "மன்னிப்புக் கடிதம் எழுதுவான். நஷ்டத்தை ஈடுகட்டுவான். சமூக சேவை செய்வான். பள்ளிக்கு ஒழுங்காகப் போவான்." நாலு வரியும் நல்ல வரிதான். ஆனால் எந்த வரி எப்போது முறிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே விஷயத்தைச் சரியாக எழுதினால்: கடையின் காப்பீட்டில் உரிமையாளர் கையிலிருந்து போன 400 டாலரை, வாரம் 25 டாலர் வீதம் 16 வாரம் கட்டுவான், துண்டு விளம்பரம் போடும் வேலையில் வரும் பணம், வெள்ளிக்கிழமை மாலை மாமா வாங்கி அனுப்புவார். சமூக வேலை 40 மணிநேரம்: சனிக்கிழமை காலை 9 முதல் 1 வரை, 10 வாரம், பாட்டியின் சர்ச் தோட்டத்தில், கையெழுத்துப் போடுபவர் இன்னார். இரவு 8க்கு மேல் வீட்டில், பார்த்துக்கொள்பவர் பாட்டி. பள்ளிக்கு எட்டு வாரமாகப் போகவில்லை. திங்கள் காலை மாமாவும் அதிகாரியும் கூடப்போய்த் திரும்பச் சேர்ப்பார்கள். ஒரு வாரம் தவறினால் மாமா புதன்கிழமைக்குள் அதிகாரிக்குச் சொல்வார். இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் மறுபடி கூடுவோம்.

ஒவ்வொரு வரியிலும் அளவு, தேதி, பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயர், தவறினால் என்ன என்ற நான்கும் இருக்கவேண்டும். பணத்தைக் குடும்பம் மொத்தமாகக் கட்டிவிடக் கூடாது. கட்டிவிட்டால் பையன் கற்பது கடன் வாங்குவதை மட்டுமே. கடையிலேயே வேலை செய்யட்டும் என்ற யோசனை அடிக்கடி வரும். கடைக்காரர் தானாகக் கேட்டாலொழிய அதை எழுதக் கூடாது. பயந்துபோனவரின் வீட்டு வாசலுக்குப் பயமுறுத்தியவனையே வாராவாரம் அனுப்புவதாக அது முடியும். இன்னொரு தவறு, திட்டத்தை நிரப்பித் தள்ளுவது. ஒன்பது நிபந்தனை போட்டால் ஆறு முறியும், முறிந்தது மட்டும் பதிவாகும்.

வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் திட்டத்தை நீதிபதி பார்த்து ஏற்று, இடையிடையே கண்காணிப்பார். முழுதாக முடித்தவனுக்கு, சட்டத்தின் 282ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டே பதியப்படாதது போல விடுதலை அளிக்கலாம். பாட்டி எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த நாளைத்தான்.

2008ல் கிஸ்போர்ன் நகரின் தே போஹோ-ஓ-ராவிரி மராயில், நீதிபதி ஹீமி தாவுமாவுனு முயற்சியில், முதல் ரங்காதாஹி நீதிமன்றம் தொடங்கியது. ரங்காதாஹி என்றால் இளையோர். இதே சட்டம், இதே திட்டங்கள். ஆனால் கண்காணிப்பு அமர்வு மராயில், மூத்தவர்கள் முன்னிலையில். பையன் தன் பெப்பெஹாவைச் சொல்லவேண்டும்: என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் இவர்கள். பலர் அதற்காகத்தான் முதல் தடவையாகத் தன் மலையின் பெயரை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

## எங்கே கெட்டுப்போகிறது

தொடக்க ஆண்டுகளில் கேப்ரியல் மேக்ஸ்வெல், ஆலிசன் மோரிஸ் இருவரும் செய்த ஆய்வில், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ வந்த கூட்டங்கள் 41 சதவீதம்தான். ஆனால் குற்றவாளியைச் சந்திக்கவே விருப்பமில்லை என்று சொன்னவர்கள் 6 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் வராததற்குக் காரணம் அழைக்கப்படாதது, தோதில்லாத நேரம், கடைசி நிமிடத் தகவல். வந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேர் கூட்டத்துக்குப் பின் முன்பைவிட மனம் நொந்ததாகச் சொன்னார்கள். பையனின் மன்னிப்பு மனதார வந்ததாக இல்லை, தன்னைப் பேச விடவில்லை, சொன்ன பணம் வரவில்லை போன்றவை காரணம். இவற்றில் எதுவும் கருத்தின் கோளாறு அல்ல. போன் செய்யாததும் தேதியைக் கேட்காததும் பின்தொடராததும்தான்.

அடுத்து, அவமானப்படுத்துவது. வட்டத்தில் எல்லோரும் மாறிமாறிப் பையனைக் கிழிக்கத் தொடங்கினால் அவன் உள்ளே கதவைச் சாத்திக்கொள்வான். ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் சொன்ன வேறுபாடு இங்கே உதவும்: செய்ததற்கு வெட்கப்பட வைப்பது வேறு, ஆளையே கறையாக்குவது வேறு. முன்னதில் திரும்பி வர வழி இருக்கும், பின்னதில் இருக்காது. "நீ திருடன்" என்று மாமா ஆரம்பித்தால் ஒருங்கிணைப்பாளர் அந்த இடத்திலேயே குறுக்கிடவேண்டும்.

வலை விரிவது மூன்றாவது ஆபத்து. எச்சரிக்கையோடு முடியவேண்டிய விஷயத்துக்கு, நல்ல முறை கையில் இருக்கிறதே என்பதற்காகவே பத்துப் பேரைக் கூட்டுவது. கூட்டினால் திட்டம் வரும், திட்டம் வந்தால் முறியும், முறிந்தால் வழக்கு வரும். அடுத்தவன் மிட்டாய் எடுத்த பையன் இப்படித்தான் நீதிமன்றம் வரை போவான்.

குடும்பமே பிரச்சினையாக இருக்கும் வீடுகளும் உண்டு. வீட்டில் அடி வாங்கும் பிள்ளையைத் தனி நேரத்துக்கென்று அதே ஆட்களோடு கதவுக்குப் பின்னால் விடுவது ஆபத்து. முன்கூட்டியே தனித்தனியாகப் பார்ப்பதன் முக்கியக் காரணம் இதைக் கண்டுபிடிப்பதுதான். பாலியல் குற்றங்களில் சாதாரணக் கூட்டம் பொருந்தாது. அதற்குத் தனிப் பயிற்சியும் நீண்ட தயாரிப்பும் வேண்டும்.

## பலன் உண்டா

ஹெதர் ஸ்ட்ராங், லாரன்ஸ் ஷெர்மன் முதலானோர் 2013ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய 10 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 1,880 குற்றவாளிகள், பெரியவர்களும் சிறாரும். நேருக்கு நேர் கூட்டத்துக்குப் போனவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தது. குறைவு மிதமானது, ஆனால் உண்மையானது. பாதிக்கப்பட்டவர்களின் மனநிறைவு தெளிவாகக் கூடியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995ல் தொடங்கிய சோதனையில், வன்முறைக் குற்றம் செய்த இளையோரிடம் நல்ல பலன் தெரிந்தது; குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் அது கிடைக்கவில்லை. குடித்து ஓட்டிப் பிடிபட்டவன் எதிரே, இவனால் அடிபட்டேன் என்று சொல்ல யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதோடு சேர்த்து இதைப் படித்தால் முறையின் இயக்கம் புரியும்.

## நம் சட்டத்தில் இருக்கும் இடம்

இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம், 2015 வழிமாற்றத்தை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கைதான் பிள்ளைக்கோ சமூகத்துக்கோ நல்லது என்றால் ஒழிய, அது இல்லாத வழிகளை ஊக்குவிக்கவேண்டும் என்கிறது. கொடுங்குற்றம் அல்லாத, பெரியவர்களோடு சேர்ந்து செய்யாத குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்பது 2016 மாதிரி விதி. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம், 18ஆம் பிரிவின்கீழ், கண்டித்து அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தையில் விடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரையும் குடும்பத்தையும் ஒரே வட்டத்தில் உட்காரவைக்கும் படிமுறை அதில் விரித்து எழுதப்படவில்லை. கூர்நோக்கு இல்லம் என்றால் என்ன என்று தெரிந்த அளவுக்கு இந்த வாய்ப்புகள் பெற்றோருக்குத் தெரிவதும் இல்லை.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பிள்ளை பிடிபட்டவுடன் நன்னடத்தை அலுவலருக்குத் தகவல் போகவேண்டும். அவர் 2 வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கையைக் குழுமத்துக்குக் கொடுக்கவேண்டும். குடும்பம் அந்த 2 வாரத்தில் அவரைப் போய்ப் பார்க்கலாம். பிள்ளை தானாக ஒப்புக்கொண்டிருந்தால், என்ன சேதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், யார் பார்த்துக்கொள்வது, எந்தப் பள்ளிக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவரிடம் குடும்பம் நேராகப் போய் நிற்கவேண்டாம், அது மிரட்டலாகப் படும். அவருடைய விருப்பத்தை அலுவலர் மூலமே கேட்கவேண்டும்.